எடை குறைக்கும் ஊசி: எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாமா?

செமாக்ளுடைடு, டிர்செபடைடு ஊசிகள் 2025ல் எடைக் குறைப்பு மருந்துகளாக இந்தியக் கடைகளுக்கு வந்தன. அதிலிருந்து எங்களுக்கு வரும் கடிதங்களில் பாதி இதைப் பற்றித்தான். அவற்றில் சிலவற்றுக்குச் சர்க்கரை நோய் மருத்துவர், உணவியலாளர், மருந்தாளர் மூவரும் சேர்ந்து இங்கே பதில் சொல்கிறார்கள்.

வயது 42. உயரம் 158 செ.மீ., எடை 74 கிலோ. ஆறு வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை இரண்டு வேளை, கூடவே வில்டாக்ளிப்டின். கடைசி எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 8.1. இரண்டு முட்டியும் வலி. தினமும் முக்கால் மணி நேரம் நடந்தும் எடை அசையவில்லை. டாக்டரிடம் இந்த ஊசியைக் கேட்கலாமா? வாய்விட்டுக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. – வாசகி, திண்டுக்கல்

தாராளமாகக் கேளுங்கள். யாருக்காக இந்த மருந்து வந்ததோ அவர்களில் நீங்களும் ஒருவர்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால், உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பி.எம்.ஐ. கிடைக்கும். 74ஐ 1.58ஆல் வகுத்து, வந்ததை மறுபடி 1.58ஆல் வகுத்தால் உங்களுக்கு 29.6. எடைக்காக இந்த ஊசிகளை எழுத பி.எம்.ஐ. 30க்கு மேல் இருக்க வேண்டும். அல்லது 27க்கு மேல் இருந்து, கூடவே எடையால் வந்த உபாதை ஒன்றாவது இருக்க வேண்டும். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், தூக்கத்தில் மூச்சு அடைப்பது எல்லாம் அந்த உபாதைகளில் சேரும். நீங்கள் இரண்டாவது வகை. இடுப்புச் சுற்றளவையும் தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டு போங்கள். நம் ஊர்ப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினாலே வயிற்றுக் கொழுப்பு அதிகம் என்று அர்த்தம். டாக்டருக்குச் சில சமயம் பி.எம்.ஐ.யைவிட இந்த எண்தான் அதிகம் உதவும்.

உங்கள் எடை ஏன் அசையவில்லை என்பதற்கு ஒரு காரணம் மாத்திரைச் சீட்டிலேயே இருக்கிறது. கிளிமிபிரைடு எடையை ஏற்றக்கூடிய மாத்திரை. இன்சுலின், பயோகிளிட்டசோன், ஸ்டீராய்டு, வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட், மனநல மருந்தான ஓலன்சபின், தலைவலிக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின் எல்லாம் இதே ரகம். ஊசியைப் பற்றிப் பேசுவதற்கு முன், "நான் சாப்பிடும் மருந்தில் எடை ஏற்றுவது எது, அதை மாற்ற முடியுமா?" என்று கேளுங்கள். சிலருக்கு அந்த ஒரு மாற்றமே இரண்டு மூன்று கிலோவைக் குறைத்துவிடும். ஆனால் எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வால்ப்ரோயேட்டையும் ஸ்டீராய்டையும் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஊசி என்று முடிவானால் மருந்துச் சீட்டில் இரண்டு இடத்தைக் கவனியுங்கள். ஒன்று கிளிமிபிரைடு. ஊசியோடு அது பழைய அளவிலேயே தொடர்ந்தால், பசி குறைந்து நீங்கள் குறைவாகச் சாப்பிடும் நாளில் சர்க்கரை தடாலென இறங்கும். வியர்வை, படபடப்பு, கண் இருட்டுவது என்று வரும். அதனால் அதன் அளவைக் குறைப்பார்கள், அல்லது நிறுத்துவார்கள். இன்சுலின் போடுபவர்களுக்கும் இதே விதிதான். மற்றொன்று வில்டாக்ளிப்டின். சிடாக்ளிப்டின், டெனிலிக்ளிப்டின் என்று "கிளிப்டின்" என முடியும் எல்லாமே இந்த ஊசி வேலை செய்யும் அதே பாதையில் வேலை செய்பவை. ஊசி வந்த பிறகு அவற்றால் கூடுதல் பலன் இல்லை, செலவுதான் மிச்சம். புதுச் சீட்டில் இவை இரண்டும் அப்படியே இருந்தால், "இது தொடரணுமா?" என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

கண் பரிசோதனை ஒரு வருடத்துக்குள் செய்திருக்கிறீர்களா? இல்லையென்றால் ஊசிக்கு முன் செய்துகொள்ளுங்கள். சர்க்கரையால் விழித்திரை ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்து, ரத்தச் சர்க்கரை மளமளவென இறங்கினால், கண் சில காலத்துக்கு மோசமாகலாம். அப்படிப்பட்டவர்களுக்கு அளவை மெதுவாக ஏற்றுவார்கள். சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், கல்லீரல் பரிசோதனை, கொழுப்பு, தைராய்டுக்கான டி.எஸ்.எச். இவற்றின் சமீபத்திய முடிவுகளையும் எடுத்துப் போங்கள். பித்தப்பையில் கல் இருந்ததா, கணைய அழற்சி வந்ததா என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லிவிட வேண்டும்.

எவ்வளவு குறையும்? விளம்பரங்களில் வரும் 15, 20 சதவீதம் பெரும்பாலும் சர்க்கரை நோய் இல்லாதவர்களிடம் கிடைத்த சராசரி. செமாக்ளுடைடு 2.4 மி.கி. அளவில் அவர்களுக்கு 68 வாரத்தில் 14.9 சதவீதம் குறைந்தது. டிர்செபடைடு 15 மி.கி. அளவில் 72 வாரத்தில் 20.9 சதவீதம். சர்க்கரை நோயாளிகளிடம் அதே செமாக்ளுடைடு கொடுத்தது 9.6 சதவீதம். டிர்செபடைடு சுமார் 13 முதல் 15 சதவீதம். உங்கள் 74 கிலோவில் அது ஏழு முதல் பதினொரு கிலோ. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஆறு மாதத்தில் 18 கிலோ போனதாம், எனக்குப் போகவில்லையே என்று நொந்துகொள்ளாதீர்கள். ஏழு கிலோ குறைந்தாலே முட்டியும் சர்க்கரையும் நன்றாகவே மாறும்.

கூச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கேட்க யாரும் தலைகுனிவதில்லை. பசியைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன்களின் போக்கு ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. எடை குறையக் குறைய உடலே பசியைக் கூட்டி இழந்ததை மீட்கப் பார்க்கிறது. முக்கால் மணி நேரம் விடாமல் நடக்கிற உங்களிடம் குறை ஒன்றும் இல்லை.

வயது 26. 162 செ.மீ., 64 கிலோ. நாலு மாதத்தில் கல்யாணம். எட்டு கிலோ குறைய வேண்டும். தோழி ஒருத்தி ஊசி போட்டுத்தான் இளைத்தாள். எனக்கு எங்கே எழுதித் தருவார்கள்? – வாசகி, திருச்சி

வேண்டாம் அம்மா. உங்கள் பி.எம்.ஐ. 24.4. இந்த மருந்துக்கான எல்லைக்கு வெகு கீழே இருக்கிறீர்கள்.

நாள் கணக்கும் ஒத்துவராது. செமாக்ளுடைடை 0.25 மி.கி.யில் தொடங்கி, நாலு வாரத்துக்கு ஒருமுறை 0.5, 1, 1.7 என்று ஏற்றி, பதினேழாவது வாரத்தில்தான் 2.4க்கு வருவார்கள். முதல் மாத அளவு உடல் பழகுவதற்கு மட்டும். எடை குறைக்க அல்ல. முழு அளவுக்கு வரும்போது உங்கள் கல்யாணமே முடிந்திருக்கும். அவசரப்பட்டு அளவைத் தாண்டித் தாண்டி ஏற்றிக்கொண்டவர்கள்தான் வாந்தி நிற்காமல் டிரிப்ஸ் ஏற்ற வருகிறார்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று: கர்ப்ப காலத்தில் இந்த மருந்து கூடாது. குழந்தைக்கு முயல்வதற்கு இரண்டு மாதம் முன்பே செமாக்ளுடைடை நிறுத்த வேண்டும். டிர்செபடைடு கருத்தடை மாத்திரையின் பலத்தையும் குறைத்துவிடும். அதனால் அதைத் தொடங்கிய முதல் நாலு வாரமும், ஒவ்வொரு முறை அளவு ஏற்றிய பின் நாலு வாரமும் ஆணுறை போன்ற வேறு வழியையும் சேர்த்துப் பயன்படுத்தச் சொல்கிறோம். கல்யாணத்தை ஒட்டித் தொடங்குபவர்களிடம் பலர் இதைச் சொல்வதே இல்லை. பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ள பெண்களுக்கு எடை குறையும்போது நின்றுபோன மாதவிலக்கு திரும்பும். எதிர்பாராமல் கரு தங்குவதும் நடக்கிறது.

உங்களுக்கு மாதவிலக்கு தவறுகிறது, முகத்தில் முடி வளர்கிறது என்றால் அதற்காக மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். மற்றபடி 64 கிலோ உங்கள் உயரத்துக்குக் கவலைப்படும் எடை இல்லை. யார் சொல்லி எட்டு கிலோ என்று முடிவு செய்தீர்கள்?

மாதம் எவ்வளவு ஆகும்? எத்தனை மாதம் போட வேண்டும்? ஒரு வருடம் போட்டு இளைத்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாமா? – கடை நடத்துபவர், மதுரை

மூன்றாவது கேள்வியில்தான் எல்லாமே இருக்கிறது. செமாக்ளுடைடை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு வருடத்தில் திரும்பிவிட்டது. 15 கிலோ குறைந்தவருக்கு 10 கிலோ. குறைந்திருந்த ரத்த அழுத்தமும் சர்க்கரையும் எடையோடு கூடவே ஏறின. மருந்து நின்றதும் பழைய பசி வந்துவிடுவதால் இப்படி ஆகிறது.

ஆகவே இதை வருடக் கணக்கில் போடும் மருந்தாக நினைத்துத்தான் பணத்தைக் கணக்கிட வேண்டும். டிர்செபடைடு குப்பி 2025 மார்ச்சில் இங்கே அறிமுகமானபோது 2.5 மி.கி. 3,500 ரூபாய், 5 மி.கி. 4,375 ரூபாய். வாரம் ஒன்று என்றால் முதல் மாதம் 14,000, இரண்டாவது மாதத்திலிருந்து 17,500. அளவு ஏற ஏற விலையும் ஏறும். செமாக்ளுடைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச் வரைதான்; அதன் பிறகு உள்நாட்டு நிறுவனங்களும் அதைத் தயாரிக்கலாம். எனவே இன்றைய விலையைக் கடையில் நேரே கேளுங்கள். கேட்கும்போது ஆரம்ப அளவின் விலையோடு நின்றுவிடாதீர்கள், நீங்கள் போய் நிற்கப்போகும் அளவின் விலையையும் கேளுங்கள். மருத்துவக் காப்பீட்டில் வெளிநோயாளிச் செலவு பொதுவாக வராது என்பதால் எல்லாம் கைக்காசுதான்.

இரண்டு வருடம் இந்தத் தொகையைக் கடன் வாங்காமல் தர முடியாது என்றால் இப்போது தொடங்காமல் இருப்பதே நல்லது. இரண்டு மாதம் போட்டு, மூன்று மாதம் விட்டு, மறுபடி போடுவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. இடைவெளி விழுந்தால் பழைய அளவிலேயே தொடர முடியாது. பெரும்பாலும் அடி அளவிலிருந்து ஏற்றி வர வேண்டும். அத்தனை செலவும் வீண்.

பி.எம்.ஐ. 35க்கு மேல் இருந்தாலோ, நம்மவர்களுக்கு 27.5க்கு மேல் இருந்து சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தாலோ எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையையும் யோசிக்கலாம். ஐந்து வருட ஊசிச் செலவோடு ஒப்பிட்டால் அது சிலருக்கு மலிவாகவே வரும்.

எனக்குத் தைராய்டு இருக்கிறது. இந்த ஊசி தைராய்டு உள்ளவர்களுக்கு ஆகாது என்கிறார்களே? – வாசகி, சேலம்

நீங்கள் தைராக்ஸின் மாத்திரை சாப்பிடும் சாதாரணத் தைராய்டுக் குறைபாடு என்றால் தடை இல்லை. தடை இருப்பது மெடுல்லரி என்ற அபூர்வ வகைத் தைராய்டு புற்றுநோய்க்கு. அது உங்களுக்கோ, பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளுக்கோ வந்திருந்தால் இந்த மருந்து கூடவே கூடாது. எம்.இ.என். 2 என்ற பரம்பரை நோய் உள்ளவர்களுக்கும் அப்படியே. குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு அறுவை சிகிச்சை நடந்திருந்தால் பழைய பயாப்ஸி ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். எடை குறையக் குறையத் தைராக்ஸின் அளவையும் மாற்ற வேண்டி வரலாம் என்பதால் இடையில் டி.எஸ்.எச். பாருங்கள்.

எடை குறைவதற்காகத் தைராக்ஸினைக் கூடுதலாக விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். தயவுசெய்து வேண்டாம்.

டிர்செபடைடு குப்பி வாங்கினேன். கடையில் கொடுத்த இன்சுலின் சிரிஞ்சில் எத்தனை கோடு வரை இழுப்பது? எங்கள் ஊரில் கரன்ட் அடிக்கடி போகிறது. மருந்து கெடுமா? – வாசகர், ராமநாதபுரம்

போடுவதற்கு முன் கேட்டது மிகவும் நல்லது. ஒரு குப்பியில் ஒரே ஒரு டோஸ், 0.5 மி.லி. எத்தனை மி.கி. குப்பியானாலும் அதே 0.5 மி.லி.தான். நம் ஊரில் இரண்டு வகை இன்சுலின் சிரிஞ்சு கிடைக்கிறது. சிவப்பு மூடி போட்டது 40 யூனிட் வகை, அதில் 0.5 மி.லி. என்பது 20வது கோடு. ஆரஞ்சு மூடி போட்டது 100 யூனிட் வகை. அதில் 50வது கோடு. மூடியின் நிறத்தை மட்டும் நம்பாமல் சிரிஞ்சின் உடலில் அச்சிட்ட எண்ணையும் படியுங்கள். "50 வரை இழு" என்று யாரோ சொன்னதைக் கேட்டு 40 யூனிட் சிரிஞ்சோடு மல்லுக்கட்டுபவர்களும், "20 போதும்" என்று 100 யூனிட் சிரிஞ்சில் இழுத்துப் பாதி மருந்துகூட உள்ளே போகாமல் "ஊசி வேலை செய்யவில்லை" என்று வருபவர்களும் உண்டு. 1 மி.லி. வரை அளக்கும், மி.லி. கோடு போட்ட சிரிஞ்சு கேட்டு வாங்கினால் இந்தக் குழப்பமே இல்லை.

பெரிய அளவுக் குப்பியை வாங்கி இரண்டு வாரத்துக்குப் பிரித்துப் போடுவதும் கூடாது. ஒருமுறை ஊசி குத்திய குப்பியை வைத்திருந்தால் கிருமி சேரும். நாலு டோஸ் உள்ள பேனா வடிவ ஊசியில் நாலாவது முடிந்த பிறகும் கொஞ்சம் மருந்து மிச்சம் தெரியும். அது ஐந்தாவது டோஸ் அல்ல, தூக்கிப் போடுங்கள்.

வயிற்றில் போடுவதானால் தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி. இல்லையென்றால் தொடையின் முன்பக்கம். வாராவாரம் இடத்தை மாற்றுங்கள். மறந்துவிட்டால் நாலு நாளுக்குள் நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம், அதற்கு மேல் போனால் அந்த வாரத்தை விட்டுவிட்டு வழக்கமான நாளில் போடுங்கள். இரண்டு டோஸைச் சேர்த்துப் போடாதீர்கள்.

பிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரி. நடுத்தட்டில், அட்டைப் பெட்டியோடு வையுங்கள். ஃப்ரீசருக்கு ஒட்டி வைத்து உறைந்துபோன மருந்து உருகினாலும் பயன்படாது. திறக்காத குப்பி வெளியே 21 நாள் தாங்கும், ஆனால் 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. உங்கள் ஊர் மே மாதத்தில் அது நடக்காத காரியம். சில மணி நேர மின்வெட்டில் பிரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் பயமில்லை. பயணத்தில் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி, மருந்துப் பெட்டி அதைத் தொடாதபடி வையுங்கள்.

இரண்டு மாதமாகப் போடுகிறேன். இந்த மாதம் அளவு ஏற்றியதிலிருந்து குமட்டல். எதைப் பார்த்தாலும் சாப்பிடப் பிடிக்கவில்லை. முடி கொட்டுகிறது. ஏழு கிலோ குறைந்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். – வாசகி, கோவை

சந்தோஷப்படுவதற்கு முன் நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று பார்க்க வேண்டும். குறைகிற எடையில் கொழுப்போடு தசையும் போகிறது. பசியில்லை என்று காலையில் காபி, மதியம் இரண்டு கரண்டி ரசம் சாதம், இரவு ஓர் இட்லி என்று ஓட்டினால் போவதில் பெரும் பங்கு தசைதான். முடி கொட்டுவதும் வேகமான எடை இழப்பின் விளைவே. புரதமும் இரும்புச் சத்தும் குறைந்தால் இன்னும் கூடும்.

உடல் எடையின் ஒரு கிலோவுக்குக் குறைந்தது ஒரு கிராம் புரதம் வேண்டும். 70 கிலோவுக்கு 70 கிராம். நாலு இட்லியில் கிடைப்பது 8 கிராம் போலத்தான். இரண்டு முட்டை 12, ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல் 12, நூறு கிராம் மீன் 20, நூறு கிராம் பனீர் 18. தட்டில் முதலில் இவற்றைச் சாப்பிடுங்கள், சோறு பிறகு. வயிறு சீக்கிரம் நிறைவதால் வரிசை முக்கியம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வாரம் இரண்டு மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்துப் பத்தாக மூன்று முறை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் பாட்டில் தூக்குவது என்று தசைக்கு வேலை கொடுங்கள். நடை மட்டும் போதாது.

குமட்டலுக்குச் சின்னச் சின்னதாக ஐந்து வேளை; போதும் என்று தோன்றிய கவளத்திலேயே நிறுத்திவிடுவது; பூரி, பிரியாணி, பரோட்டாவை ஊசி போட்ட நாளிலும் மறுநாளும் தொடாமல் இருப்பது. இவையே பலருக்குப் போதும். அப்படியும் அடங்காவிட்டால் டாக்டரிடம் சொல்லிப் பழைய அளவுக்கே இறங்கி இன்னொரு மாதம் இருக்கலாம். அளவை ஏற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குறைந்த அளவிலேயே நன்றாக இளைப்பவர்கள் உண்டு.

வீட்டில் காத்திருக்கக் கூடாத சில: மேல்வயிற்றில் கடுமையாக வலித்து அது முதுகுக்குப் பரவி வாந்தியோடு நிற்காமல் இருந்தால் கணைய அழற்சியாக இருக்கலாம். வலது விலாவுக்குக் கீழ் வலி, காய்ச்சல், கண் மஞ்சள் என்றால் பித்தப்பைக் கல். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்காமல் சிறுநீர் குறைந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படும். திடீரென ஒரு கண் பார்வை மங்குவது மிக அபூர்வம், ஆனாலும் அன்றே கண் மருத்துவமனை. மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் எந்தச் சிகிச்சைக்கும் முன்னால் இந்த ஊசி போடுவதைச் சொல்லிவிடுங்கள். வயிறு மெதுவாகக் காலியாவதால், பட்டினி இருந்தும் உள்ளே உணவு தங்கி நுரையீரலுக்குள் போக வாய்ப்பு இருக்கிறது.

ஆன்லைனில் பாதி விலைக்கு அதே பேனா கிடைக்கிறது. மூலிகைப் பொடியும் விற்கிறார்கள். வாங்கலாமா? – வாசகர், தஞ்சாவூர்

இரண்டும் வேண்டாம். 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனமே போலி செமாக்ளுடைடு பேனாக்கள் பற்றி எச்சரிக்கை விட்டது. சீட்டு கேட்காமல் விற்கும் கடையும், பில்லில் பேட்ச் எண் போடாத கடையும் நமக்கு ஆகாது. "பத்து நாளில் ஐந்து கிலோ" பொடிகளில் சிபுட்ரமின் என்ற மருந்தைக் கலந்தது பல நாடுகளில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. மாரடைப்பும் பக்கவாதமும் வரவழைத்ததால் 2010ல் அமெரிக்காவிலும் 2011ல் இந்தியாவிலும் விலக்கப்பட்ட மருந்து அது. பொடி குடித்ததும் பசி சுத்தமாகப் போய், தூக்கம் வராமல் நெஞ்சு படபடத்தால் உடனே நிறுத்திவிட்டு, மிச்சப் பொடியை டப்பாவோடு டாக்டரிடம் எடுத்துப் போங்கள்.

பி.எம்.ஐ. 33, ரத்த அழுத்தம் உண்டு. ஊசி பற்றிக் கேட்டதும் டாக்டர், "வாயைக் கட்டுங்க" என்று அனுப்பிவிட்டார். – வாசகர், விழுப்புரம்

வருத்தமாக இருக்கிறது. இன்னொரு முறை வேறு விதமாகக் கேட்டுப் பாருங்கள். ஒரு தாளில் உயரம், எடை, இடுப்பளவு, கடந்த இரண்டு வருடத்தில் எடை ஏறிய விதம், என்னென்ன முயன்றீர்கள், ஒவ்வொன்றும் எத்தனை மாதம், எவ்வளவு குறைந்து எவ்வளவு திரும்பியது, சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயர் இவற்றை எழுதிக்கொண்டு போங்கள். குறட்டை விட்டுப் பாதியில் மூச்சு நிற்கிறது என்று வீட்டில் சொன்னால் அதையும் எழுதுங்கள்.

பிறகு, "ஊசி வேணும்" என்று தொடங்காமல், "எனக்கு இது பொருந்துமா? பொருந்தாது என்றால் எந்தக் காரணத்தால்?" என்று கேளுங்கள். காரணம் சொன்னால் அதில் நியாயம் இருக்கும். கணைய அழற்சி வந்தவர் என்பதால் மறுத்திருக்கலாம். காரணமே சொல்லாவிட்டால் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரையோ, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சர்க்கரை நோய்ப் பிரிவையோ பாருங்கள். எழுதிக் கொடுப்பவரிடமும் கேட்க வேண்டியது உண்டு: எந்தத் தேதியில் அளவை ஏற்றுவீர்கள், நடுவில் வாந்தி வந்தால் யாருக்குப் போன் செய்வது, தாங்கக்கூடிய முழு அளவுக்கு வந்து ஆறு மாதத்தில் 5 சதவீதம்கூடக் குறையாவிட்டால் நிறுத்திவிடுவோமா? அத்துடன் ரத்த அழுத்த மாத்திரையைப் பற்றியும் பேசிவிடுங்கள். எடை குறையும்போது அழுத்தமும் இறங்கி எழுந்து நிற்கையில் தலை சுற்றினால், அந்த மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டி வரும்.